நவநாளுக்கு ஒன்பது சிஸ்டம்

கடலூரில் நான் வைத்திருப்பது கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. கடை என்றால் ஒரு ஷட்டர், ஒரு மேசை, யாரும் திரும்ப வாங்க வராத பதினோரு கீபோர்டு. இந்தத் தொழிலை நான் எங்கேயும் படிக்கவில்லை. மேல்பட்டாம்பாக்கத்தில் எங்கள் வீட்டார் எல்லோரும் கரும்பு போட்டவர்கள். கெட்டுப்போன ஒரு கம்ப்யூட்டரைப் பிரித்து, திரும்ப மாட்டும்போது மூன்று திருகு மிச்சமாகி, அப்படியும் அது ஓடியதைப் பார்த்த அன்றைக்குத்தான் எனக்கு இந்தத் தொழில்மேல் நம்பிக்கை வந்தது.

உண்மையைச் சொன்னால், பாதி நேரம் நான் கடை திறப்பதே வருகிறவர்கள் பேசுவதைக் கேட்கத்தான். "சார், ஆன் பண்ணா நெறமாசக்காரி மாடிப்படி ஏறுற மாதிரி மூச்சு வாங்குது" என்று ஒருவர் லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்தார். அதற்கு மேல் எந்தப் பொறியாளர் வந்து என்ன விளக்கம் சொல்லிவிட முடியும்?

எங்கள் தெருக்கோடியில் ஒரு மாதா கோயில். அதன் அலுவலகக் கம்ப்யூட்டருக்கு நான்தான் வைத்தியன். நான் அவர்கள் சபை இல்லை. ஆனால் அந்த மெஷினுக்கு அது தெரியாது. போன வருஷம் ஒருநாள் அது திரையில் ஒரு செய்தி காட்டியது: இந்த விண்டோஸுக்கு இனிமேல் பாதுகாப்பு அப்டேட் வராது, புதியதுக்கு மாறிக்கொள்ளுங்கள். புதியதோ இந்தக் கிழ மெஷினில் ஏறாது. வயசானவரைக் கல்யாணத்துக்கும் அழைத்துவிட்டு, வண்டியில் இடமில்லை என்றும் சொல்வது மாதிரி.

பங்கு என்கிற அந்தக் கோயில் சபையின் நிர்வாகக் குழுவுக்குப் பங்குப் பேரவை என்று பேர். அதன் செயலாளர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அரசாங்க ஆபீசில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வுபெற்றவர். சட்டைப் பையில் சிவப்புப் பேனா ஒன்று, நீலப் பேனா ஒன்று.

"விண்டோஸுக்குப் பதிலா வேற எதுனா இருக்குதா? புதுசா பழகுறவங்களுக்கு ஈசியா இருக்கணும்."

"இருக்கு சார். லினக்ஸ்னு ஒன்னு. காசு கிடையாது. பழைய மெஷின்லயும் ஓடும்."

"போட்டுருங்க. ஆனா ஒன்னு. அக்காவால அதுல பழக முடியலன்னா நாம வேற ஆளப் பாத்துக்க வேண்டியதுதான். காலேஜ் முடிச்ச பொண்ணுங்க எத்தினியோ சும்மா இருக்குதுங்க."

அலுவலகத்தில் டைப் அடிக்கிற அக்கா எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். தேய்ந்துபோன ஃபேனை மாற்றுவதைப் பற்றி ஃபேனுக்குக் கீழேயே நின்று பேசுகிற மாதிரி இருந்தது. அவர் தலை நிமிராமல் ஒரு ஞானஸ்நானச் சான்றிதழுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தார்.

அந்த அலுவலகத்தில் அவருக்கு இருபத்திரண்டு வருஷம். சின்ன வயதில் சிதம்பரத்தில் கீழவீதிப் பக்கம் ஓர் இன்ஸ்டிடியூட்டில் தமிழ் டைப்பிங் லோயரும் ஹையரும் முடித்தவர். மெஷின் போய்க் கம்ப்யூட்டர் வந்தும் விரல் மாறவில்லை. பழைய டைப்ரைட்டரில் எந்த எழுத்து எங்கே இருந்ததோ அங்கேயேதான் போகும். கீபோர்டில் அச்சிட்டிருந்ததெல்லாம் அழிந்து, கட்டைகள் உரித்த புளியங்கொட்டை மாதிரி இருக்கும். அவரைத் தவிர அதில் வேறு யாராலும் ஒரு வரி அடிக்க முடியாது.

செயலாளர் போனபின் அக்கா சொன்னார்: "தம்பி, இந்த நாற்காலி போச்சுன்னா சம்பளம் போறது ஒரு பக்கம் கெடக்கட்டும். காலையில எழுந்து நான் எங்க போவேன், சொல்லு. வீட்ல மருமவ டிவியப் பாப்பா. நான் மருமவளப் பாக்கணும்."

சரி, அக்காவுக்கு ஒத்துவருகிற மாதிரி ஒன்றைத் தேடிப் போட்டுவிடலாம் என்று தைரியம் சொல்லிவிட்டு நான் சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன். அங்கே ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிறவன் என் மனைவியின் தம்பி. லினக்ஸ் விஷயத்தில் எங்கள் குடும்பத்துக்கே அவன்தான் சாமியாடி.

அங்கேதான் வில்லங்கம் ஆரம்பித்தது. லினக்ஸ் என்பது ஒன்று இல்லையாம். இட்லி மாவு மாதிரியாம். ஒரே மாவு, அதில் இட்லி, தோசை, ஊத்தப்பம், குழிப்பணியாரம் என்று ஆளாளுக்கு ஒன்று சுட்டு ஒரு பேர் வைத்து உலகத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

"புதுசா பழகுறவங்களுக்கு எது மச்சான் நல்லது?"

"அது எப்படி மாமா ஒன்னு சொல்றது? இது பாக்க விண்டோஸ் மாதிரியே இருக்கும். அது ரொம்ப லைட்டு. இன்னொன்னு அழகுன்னா அழகு, அப்படி ஒரு அழகு. இதோ இது கொஞ்சம் மக்கர் பண்ணும், ஆனா எனக்குப் புடிக்கும்."

"மச்சான், நான் கேட்டது ஒன்னு."

"நான் ஒன்னு சொல்லி, நாளைக்கு அது சரியில்லன்னா அக்கா என்னைத்தான் திட்டும்" என்றான். அக்கா என்று அவன் சொன்னது என் மனைவியை. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பார்கள். இந்தத் தச்சன் ஒன்பது மரத்தையும் என் தலையிலேயே தூக்கி வைத்துவிட்டான். ஒன்பது பென்டிரைவ், ஒன்பது சிஸ்டம். மெஷினில் ஏற்ற வேண்டாம், பென்டிரைவைச் சொருகி அதிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், பிடித்ததை அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம் என்றான். லேபிலிருந்த காலி சாக்பீஸ் டப்பாவில் போட்டுக் கொடுத்தான்.

அதை அப்படியே பங்குப் பேரவையில் கொண்டுபோய் வைத்தது நான் செய்த தப்பு. யோசனை இல்லாமல் உண்மையைச் சொல்லிவிட்டேன்: "ஒன்பது இருக்கு. எது வேணும்னு நீங்கதான் சொல்லணும்."

ஒன்பது என்று கேட்டதும் கூட்டத்தில் ஓர் அசைவு. கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏற்ற ஒரு வாரம்தான் இருந்தது. கொடி ஏறினால் ஒன்பது நாள் நவநாள், பத்தாம் நாள் தேர். அந்தப் பங்கில் ஒவ்வொரு வட்டாரத்து வீடுகளையும் சேர்த்து ஓர் அன்பியம் என்று வைத்திருக்கிறார்கள். மொத்தம் ஒன்பது. நவநாளில் ஒரு நாளைக்கு ஓர் அன்பியம் பொறுப்பு: பூ அலங்காரம், பாட்டு, பூசை முடிந்ததும் சுண்டல் எல்லாம் அவர்களுடையது. ஒவ்வொன்றுக்கும் ஒரு புனிதர் பேர் உண்டு. ஆனால் நான் தெருப் பேரால்தான் சொல்வேன், அவர்களும் சண்டை வந்தால் அப்படித்தான் சொல்வார்கள்.

"ஒம்போது சிஸ்டம், ஒம்போது அன்பியம், ஒம்போது நாளு. இதுல தேவ சித்தம் தெரியுதா இல்லியா?" என்றார் ஸ்டேஷன் தெரு அன்பியத்தின் தலைவர்.

"ஒரு நாளைக்கு ஒன்னு போடுவோம். அந்தந்த அன்பியம் வந்து பாத்துட்டுப் போகட்டும். கடைசியில ஓட்டு" என்றார் செயலாளர். உடனே சிவப்புப் பேனாவால் கட்டம் போட்டுவிட்டார்.

"சார், திருவிழா நேரத்துல வேலை ஜாஸ்தியா இருக்குமே" என்றேன்.

"அதுதானே சரியான பரீட்சை?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் சாக்பீஸ் டப்பாவைப் பார்த்தேன்.

முதல் நாள் காலை ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரி ரோடு அன்பியத்தார் இருபது பேர் அந்த எட்டடி அறைக்குள் நுழைந்தார்கள். மெழுகுத்திரி ஏற்றினார்கள். ஃபாதர் வந்து செபம் சொன்னார். புது வண்டியோ புது வீடோ, எது வந்தாலும் மந்திரிக்காமல் தொடமாட்டார்கள். மந்திரித்த தண்ணீரை அவர் கையை வீசித் தெளிக்க, ஒரு வீச்சு நேராகக் கீபோர்டுக்குள் போனது. நான் துண்டால் ஒற்றினேன். மறுநாளிலிருந்து செபம் ஆரம்பித்ததும் சிபியுவுக்கு என் ரெயின்கோட்டைப் போர்த்திவிடுவேன். கீபோர்டை அக்கா முந்தானைக்குள் வைத்துக்கொள்வார். விவரம் தெரியாதவர்கள் அதையும் சடங்கில் சேர்த்துவிட்டார்கள். ஐந்தாம் நாளில் ஓர் அம்மா ரெயின்கோட்டைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டதை நானே பார்த்தேன்.

முதல் சிஸ்டம் பார்க்க அழகு. தமிழும் தெரிந்தது. ஆனால் எழுத்துகள் உட்கார்ந்திருந்த இடம் வேறு. அக்காவின் விரல் பழைய வீட்டுக்கே போய்க் கதவைத் தட்ட, வேறு யாரோ வந்து திறந்தார்கள். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, அன்றைக்குப் பூசையில் யார் யாருக்காக வேண்டிக்கொள்வது என்ற பட்டியலை, அவர்கள் பேச்சில் பூசைக் கருத்தை, அடித்தார். முப்பத்தோரு வேண்டுதல். இரண்டரை மணி நேரம். சாயங்காலப் பூசைக்கு அச்செடுத்துக் கொடுத்துவிட்டு, மறுநாளைய பட்டியலையும் பாதி அடித்து வைத்துவிட்டு, மெஷினை அணைத்தார்.

காலையில் திறந்தால் ஒன்றும் இல்லை. துடைத்துவிட்ட சிலேட்டு.

பென்டிரைவிலிருந்து ஓடுகிற சிஸ்டத்துக்கு ஞாபகம் கிடையாது. அணைத்தால் அன்றன்றைக்கு எல்லாம் மறந்துவிடும். இது எனக்குத் தெரியும். அக்காவிடம் சொல்ல மறந்தேன். அப்படிப் பார்த்தால் எனக்கும் பென்டிரைவுக்கும் பெரிய வித்தியாசமில்லை.

அக்கா கோபப்படவில்லை. இரண்டாம் நாள் சிஸ்டமோ தமிழே தெரியாது என்று கைவிரித்துவிட்டது. அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, அழிந்துபோன பாதிப் பட்டியலை மனப்பாடமாக எழுதி, அன்றைய மிச்ச வேண்டுதல்களையும் சேர்த்தார். யாருக்கு நினைவு நாள், யாருக்குக் கல்யாண நாள், எந்த வீட்டில் ஆபரேஷன் எல்லாம் விரல்நுனியில். செயலாளர் எட்டிப் பார்த்தார்.

"கையால எழுதறதுக்கு எதுக்குக்கா கம்ப்யூட்டர்?" என்று சொல்லி, தன் கட்டத்தில் சிவப்பில் ஏதோ குறித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் பால்காரத் தெருவின் முறை. அந்தப் பென்டிரைவைச் சொருகினேன். அக்கா விரலை வைத்தார். வைத்த இடத்தில் வைத்த எழுத்து வந்தது. நிறுத்தாமல் அரைப் பக்கம் அடித்தார். அறையில் ஓட்டுக்கூரைமேல் ஆலங்கட்டி விழுகிற சத்தம். பழைய டைப்ரைட்டர் தமிழ் அதற்குள் இருந்தது. சாயங்காலம் அணைத்து, நான் சொன்னபடி மறுபடி திறந்து பார்த்தார். அடித்தது எல்லாம் அப்படியே இருந்தது. மச்சானுக்கு போன் போட்டேன்.

"ஆமா மாமா, அது பசங்க லேப்ல எடுத்துட்டுப் போய் பழகறதுக்குப் போட்டது. தமிழ் கீபோர்டு எல்லா மாதிரியும் இருக்கும். சேவ் பண்றதுக்கும் உள்ளயே இடம் ஒதுக்கியிருக்கேன்."

"இதையே ஒன்பதுலயும் பண்ணியிருக்கக் கூடாதா?"

"நீங்க கேக்கலியே மாமா."

நான்காம் நாள் நான் போவதற்குள் அக்கா பென்டிரைவை மாற்றிச் சொருகிவிட்டதாகச் சொன்னார். திரையில் கடல் படம், பட்டன் வரிசை மேலே. வந்தது கடலோரத் தெரு அன்பியம். அவர்களுக்குக் கடலைப் பார்த்ததும் கண்ணெல்லாம் பூரிப்பு. "நேத்து பால்காரத் தெருவுது மாதிரி இல்லீங்க, இதுல ஒரு காத்தோட்டம் இருக்கு" என்று ஒருவர் சொன்னார்.

ஐந்தாம் நாள் ஸ்டேஷன் தெரு. திரையில் ரயில் தண்டவாளப் படம், பட்டன் வரிசை இடது பக்கம். அன்பியத் தலைவர் மவுசைத் தானே பிடித்து ஒரு ஃபைலைத் திறந்தார். "வேகத்தப் பாத்தீங்களா? எக்ஸ்பிரஸ்! நேத்துது கடலோரத்துது இல்லியா, அதான் அசைஞ்சு அசைஞ்சு வந்துச்சு."

அவர்கள் சுண்டல் வேலைக்குப் போனபின், நான் ஒரு ரப்பர் ஸ்டாம்பைத் தேடி அக்காவின் மேசை டிராயரைத் திறந்தேன். சாக்பீஸ் டப்பா இருந்தது. அதில் நாலாவதும் ஐந்தாவதும் நான் நம்பர் போட்டு ஒட்டிய செல்லோடேப்கூடப் பிரியாமல் கிடந்தன.

"அக்கா?"

"கதவச் சாத்து தம்பி."

சாத்தினேன்.

"ஒன்னு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. மூணாம் நாளு போட்டியே, அதுதான் இன்னும் ஓடுது. காலையில வந்து படத்த மாத்துவேன். அந்தப் பட்டைய ஒரு நாளு மேல தூக்குவேன், ஒரு நாளு பக்கத்துல தள்ளுவேன். மவுசுல வலது பக்கம் அமுக்குனா எல்லாம் வருது. தலவலிக்குத் தலகாணிய மாத்தச் சொல்றாங்க. நான் உறைய மாத்துறேன். எனக்கு முப்பத்தஞ்சு பேரு பூசைக் கருத்து அடிக்கணும், கோயில்ல வாசிக்கிற கல்யாண ஓலை அடிக்கணும், ஸ்பீக்கர் செட்டுக்காரனுக்கு லெட்டர் குடுக்கணும். நான் வேற என்னா பண்றது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷம் பயம் வந்தது. "தெரிஞ்சா?"

"தெரிஞ்சா நாற்காலி போவும். தெரியலன்னா ஓட்டு முடிஞ்சு வேற எதையாவது ஏத்திடுவாங்க, அப்பவும் போவும். அதனால இப்போதைக்கு வேலையப் பாக்குறேன்."

இதைக் கேட்ட நாளிலிருந்து நான் கூட்டுக் களவாணி. அந்த வாரமே ஒரு மதர்போர்டு வாங்கச் சிதம்பரம் போனபோது மச்சான் என்னை லேபில் உட்காரவைத்து, நோட்டை விரித்துவிட்டான்.

"ஒவ்வொரு சிஸ்டத்தையும் பத்தி சாதாரண ஜனங்க என்னா சொல்றாங்கன்னு சொல்லுங்க மாமா. இந்த மாதிரி தகவல் லேசுல கெடைக்காது."

நான் என்ன சொல்ல முடியும்? ஜனங்கள் சொன்னதைச் சொன்னேன். நாலாவது காற்றோட்டமானது. ஐந்தாவது எக்ஸ்பிரஸ் வேகம். ஆறாவதைப் பார்த்தால் மனசு அமைதியாகிறது. அவன் வரிவரியாக எழுதி, அதை ஒரு பெரிய சார்ட்டில் அட்டவணையாக்கி லேப் சுவரில் ஒட்டிவிட்டான். மேலே 'பயன்படுத்தியோர் கருத்து' என்று தலைப்பு. ஏழு, எட்டு, ஒன்பதுக்கும் போனில் கேட்டு நிரப்பிக்கொண்டான். அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினான். இதற்குள் செயலாளர், அறிக்கை எங்கே, அறிக்கை எங்கே என்று தினமும் என்னை அரித்துக்கொண்டிருந்தார். நான் அந்தப் படத்தையே அவருக்குத் தள்ளிவிட்டேன்.

எட்டாம் நாள் மீன் மார்க்கெட் அன்பியம். திரையில் பெரிய வஞ்சிர மீன் படம். மீன் விற்கிற அம்மா ஒருவர் கம்ப்யூட்டரை நெருங்கி, மீனின் செவுளைப் பார்க்கிற மாதிரி திரையின் பக்கவாட்டைத் தூக்கிப் பார்த்தார். "ஃப்ரெஷ்ஷா கீதுப்பா" என்று தீர்ப்புச் சொன்னார்.

அன்று சாயங்காலம் அக்கா சோர்ந்திருந்தார். "பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன் தம்பி" என்றார். திருவிழா நாளில் எல்லோரும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாள்போட்டு, செய்த பாவத்தை ஃபாதரிடம் சொல்லி மன்னிப்புப் பெறுவார்கள். அங்கே சொன்னதை ஃபாதர் தலையே போனாலும் வெளியே சொல்லக்கூடாது.

"ஃபாதர்கிட்டயா சொன்னீங்க? அவருதானே கூட்டத்துக்கே தலைவரு!"

"தினமும் அவரு வந்து ஒரே சிஸ்டத்த மந்திரிச்சிட்டுப் போறாரு. ஆறு தடவை! எனக்கு மனசு கேக்கல."

"என்ன அபராதம் குடுத்தாரு?"

"ஒம்போது தடவ 'அருள் நிறைந்த மரியே' செபம். சிஸ்டத்துக்கு ஒன்னு. அப்புறம், தேர் முடிஞ்சு கூட்டம் போடறப்ப நானே எழுந்து சொல்லிடணும்னாரு."

ஒன்பதாம் நாள் காலையில் ஃபாதர் வழக்கம்போல வந்தார், செபம் சொன்னார், தண்ணீர் தெளித்தார். நான் ரெயின்கோட்டுக்குப் பக்கத்தில் நின்று அவர் முகத்தையே பார்த்தேன். அதில் ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லாத ஒரு முகத்தை மனிதர் இவ்வளவு பாடுபட்டு வைத்துக்கொள்ள முடியும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

தேர் நிலைக்கு வந்து நின்ற மறுநாள் பேரவை கூடியது. அக்காவை ஓரத்தில் ஒரு ஸ்டூலில் உட்காரவைத்திருந்தார்கள். என்னையும் அழைத்திருந்தார்கள். ஓட்டு எடுத்தார்கள். ஒன்பது சிஸ்டத்துக்கும் தலைக்கு ஒரு ஓட்டு. யாரும் தங்கள் தெருவை விட்டுக்கொடுக்கவில்லை.

"பால்காரத் தெருவுதுதான் ஈசி."

"எது ஈசி? எங்களுது சின்னக் கொழந்த கூட ஓட்டும்."

"உங்க கொழந்த ஓட்டும். ஆபீஸ்ல யாரு ஓட்டுறது?"

செயலாளர் மேசையைத் தட்டினார். "அதான் கேள்வி. அக்கா ஒன்பதுலயும் ஒவ்வொரு பக்கம் இங்கயே அடிச்சுக் காட்டட்டும். எதுல நல்லா வருதோ அத வச்சுக்குவோம். எதுலயுமே சரியா வரலன்னா அடுத்த மாசத்துலருந்து வேற ஆள். மனசுல வச்சுக்காதீங்கக்கா, நிர்வாகம்னா அப்படித்தான்."

அக்கா எழுந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். ஒன்றும் விடாமல் சொன்னார். மூன்றாம் நாளிலிருந்து ஓடியது ஒரே சிஸ்டம். மாறியது படமும் பட்டையும் மட்டும். ஏமாற்ற வேண்டும் என்று செய்யவில்லை, வேலை நடக்க வேண்டும் என்று செய்தேன். மன்னித்துவிடுங்கள்.

நான் எதிர்பார்த்தது கூச்சல். வந்தது வேறு.

"அக்கா" என்றார் ஸ்டேஷன் தெருத் தலைவர். "எங்களுக்குள்ள சண்ட வரக்கூடாதுன்னு நீங்க பழியத் தூக்கிப் போட்டுக்கறீங்க பாருங்க, இந்த மனசு யாருக்கு வரும்?"

"ஐயோ, இல்லீங்க. நெசமாத்தான் சொல்றேன்."

"எக்கா, சும்மா இரு" என்றார் மீன்காரம்மா. "நான் கண்ணால பாத்தேன்க்கா. முப்பது வருசமா மீனு பாத்த கண்ணு. எங்களுது பளபளன்னு துள்ளுச்சு. கடலோரத்துது கொஞ்சம் ஐஸ் வச்ச மாதிரி. ரெண்டும் ஒன்னுன்னா நான் நம்புவேனா?"

நான் எழுந்து, அக்கா சொல்வது நிஜம் என்றேன். பிரிக்காத பென்டிரைவுகளை எடுத்து மேசைமேல் கொட்டினேன்.

"நீங்க நல்லவரு, அக்காவுக்கு சப்போர்ட் பண்றீங்க" என்றார் செயலாளர். "திரும்ப ஒட்டி வைக்க எவ்வளவு நேரம் ஆவும்? இதப் பாருங்க." தன் போனை எடுத்து எல்லோருக்கும் நீட்டினார். சிதம்பரத்து சார்ட். "ஒரு காலேஜ்லயே ஆராய்ச்சி பண்ணி ஒட்டியிருக்காங்க. ஒன்பதுக்கும் ஒன்பது விதமா எழுதியிருக்கு. இது பொய்யா?"

நான் உட்கார்ந்துவிட்டேன். அந்த சார்ட்டில் இருந்தது முழுக்க அவர்களே பேசியது. சிதம்பரம் வரைக்கும் போய், கட்டம் கட்டிக்கொண்டு, அத்தாட்சியாகத் திரும்பி வந்திருக்கிறது.

செயலாளர் போனைப் பையில் போட்டார். பிறகு அக்காவைப் புதிதாகப் பார்ப்பது மாதிரி பார்த்தார்.

"ஏன்க்கா, நவநாள்ல ஒரு நாளாவது பூசைக் கருத்து தப்பா வந்துச்சா?"

"இல்ல சார். ஆனா..."

"லேட்டா வந்துச்சா?"

"இல்ல சார், ஏன்னா..."

"ஒன்பது நாளு. ஒன்பது சிஸ்டம். ஒரு தப்பு கிடையாது." கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "இந்த வயசுல ஒரு நாளைக்கு ஒரு சிஸ்டம் பழகுன ஆள நாம வேற எங்க போய்த் தேடுறது? டெஸ்ட்டே தேவையில்ல." நீலப் பேனாவை எடுத்தார். நடவடிக்கைக் குறிப்பில் அவர் எழுதியதை உரக்கப் படித்தார்: ஒன்பது இயங்குதளங்களிலும் தேர்ச்சி பெற்ற அலுவலகப் பணியாளரை அவரே விரும்பும் காலம்வரை பணியில் தொடரச் செய்யத் தீர்மானிக்கப்பட்டது.

எல்லோரும் கைதட்டினார்கள். அக்கா நின்றுகொண்டே இருந்தார். "சார், நான் சொல்றத..." என்று மறுபடி ஆரம்பித்தார். மூன்றாவது தடவை.

அதுவரை வாயே திறக்காத ஃபாதர் சொன்னார்: "உக்காருங்கம்மா. சொல்லவேண்டியத எல்லாருக்கும் முன்னாடி சொல்லிட்டீங்க."

அக்கா உட்கார்ந்தார்.

எந்த சிஸ்டம் என்பது மட்டும் மிச்சம் இருந்தது. சீட்டுப் போட்டு எடுப்பது என்று முடிவாயிற்று. ஒன்பது தெருப் பேரையும் எழுதிச் சுருட்டி, காணிக்கைக் கூடையில் போட்டுக் குலுக்கினார்கள். ஃபாதர் கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். மீன் மார்க்கெட். மீன்காரம்மா அங்கேயே ஒரு குலவை போட்டார்.

மறுநாள் போய் மூன்றாம் பென்டிரைவில் இருந்ததையே மெஷினில் நிரந்தரமாக ஏற்றி, வஞ்சிர மீனைத் திரையில் வைத்தேன். பட்டன் வரிசையைக் கீழே இறக்கினேன். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து ஒரு ஞானஸ்நானச் சான்றிதழ் அடித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஆலங்கட்டிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது ஸ்டேஷன் தெருத் தலைவர் ஏதோ சான்றிதழ் வாங்க வந்தார். அக்கா தேடி, திறந்து, அச்செடுத்துக் கொடுத்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவர் திரையை ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"பரவால்ல. ஆனா எங்களுது இன்னும் வேகம், இல்லீங்களாக்கா?"

அக்காவின் கை கீபோர்டிலேயே நின்றுவிட்டது. அவரையும் பார்க்காமல் திரையையும் பார்க்காமல் என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்:

"தம்பி, இப்ப நான் வாயத் தொறந்தா திரும்பவும் தொட்டிக்குப் போகணும். உங்க சாமிக்குத்தான் அந்த ஏற்பாடு கெடையாதே. நீ சொல்லு."

"ஆமாங்க" என்றேன் நான். "உங்களுதுதான் வேகம்."